ரதியின் முறையீடு

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழகத்து மக்கள் வந்தபொழுது, அவர்களுடன் கதைகளும் வந்தன. அவற்றுள் ஒன்று காமன் கதை. அட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களில் மாசி மாதத்தில் அது கூத்தாக ஆடப்பட்டு வருகிறது. தேவர்களின் ஏவலால் சிவபெருமானின் தவத்தைக் கலைக்கச் சென்ற காமன், நெற்றிக்கண்ணால் எரிந்தான், ரதி அழுதாள், காமன் உயிர் பெற்றான். குழந்தைகள் கேட்டறியும் கதை இதுவே. ரதி வேடத்தையும் மரபாக ஆண்களே புனைந்தனர்.

ஆயினும் கதையைச் சற்றுக் கூர்ந்து நோக்குதல் தகும். எரித்த இறைவன் முன்னரே சென்று, கணவனின் உயிரைக் கேட்டுப் பெற்றவள் ரதி. அவளது அழுகையை முறையீடு என்று சொல்லிப் பார்த்தால், கதையின் தலைவி யார் என்பது குழந்தைக்கும் விளங்கும்.

அழுகை முறையீடாக மாறியது மலைநாட்டு வரலாற்றிலும் நிகழ்ந்ததே. 1930களில் மீனாட்சியம்மாள் நடேசையர், மக்கள் அறிந்த மெட்டுகளில் தொழிலாளரின் குறைகளைக் கூட்டங்களில் பாடினார். எனினும், ஆணுக்கு நிகரான நாட்சம்பளம் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு 1984இல்தான் கிட்டியது.

அப்பெண்ணின் மகளுக்குக் காமன் கதையைச் சொல்வோர், ரதி அழுதாள் என்பதோடு நிறுத்தலாகாது. அவள் கேட்டாள், பெற்றாள் என்பதையும் சொல்லுதல் வேண்டும்.