எழும்பூரில் இருக்கும் நம் ஊர்

திருவண்ணாமலை என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது அருணாசலேஸ்வரர் கோயிலும் கிரிவலமும்தான். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் உள்ளவர்களிடம் கேட்டால் இன்னொரு திருவண்ணாமலையைச் சொல்வார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த சிறிய மலை, அதன் மேல் சீனிவாசப் பெருமாள் கோயில். புரட்டாசி சனிக்கிழமைகளில் சுற்று வட்டாரமே அங்கே திரண்டுவிடும். தென்திருப்பதி என்றும் சொல்வார்கள்.

சரி, இந்தச் சின்னத் திருவண்ணாமலையின் பழைய நில விவரம் ஒருவருக்குத் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். எங்கே தேடுவார்? விருதுநகர் மாவட்டக் கோப்புகளில் தேடினால் 1985க்கு முன்னால் போக முடியாது. ஏனென்றால் அந்த ஆண்டில்தான் இந்த மாவட்டம் காமராஜர் மாவட்டம் என்ற பெயரில் பிறந்தது. அதற்கு முன் இது ராமநாதபுரம் மாவட்டம். அந்த மாவட்டமும் 1910இல் உருவானதுதான். அதற்கும் முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, அதன் காகிதங்கள் மட்டும் மூன்று மாவட்டங்களின் பெயரில் கிடக்கின்றன! "திருவண்ணாமலை" என்று மட்டும் சொல்லித் தேடினால் பெரிய திருவண்ணாமலையின் கோப்புதான் கைக்கு வரும்.

இந்தச் சிக்கலை அவிழ்க்கும் இடம் சென்னை எழும்பூரில் இருக்கிறது. ஒன்றல்ல, இரண்டு இடங்கள். ஒன்று தமிழ்நாடு ஆவணக் காப்பகம். மற்றொன்று மாநில மைய நூலகமான கன்னிமாரா பொது நூலகம். இவை இரண்டும் ஆராய்ச்சியாளர்களுக்கு மட்டும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். இவற்றின் வரலாறு வேறு கதையைச் சொல்கிறது.

நூலகம் வேறு, காப்பகம் வேறு

வணிகவியல் படிப்பவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் புரியும். நூலகத்தில் இருப்பது அச்சடித்து வெளியிட்ட ஆண்டறிக்கை போன்றது. காப்பகத்தில் இருப்பது வவுச்சரும் பேரேடும். ஆண்டறிக்கை பல பிரதிகள் இருக்கும், ஒன்று தொலைந்தால் இன்னொன்றைத் தேடலாம். வவுச்சர் ஒன்றே ஒன்றுதான். அது போனால் அந்தச் செலவு நடந்ததற்கே சாட்சி இல்லை. அரசாங்கம் என்ன சொன்னது என்பதைப் புத்தகத்தில் படிக்கலாம். உண்மையில் என்ன செய்தது என்பதை நிரூபிக்கக் கோப்பு வேண்டும்.

ஆட்சியாளர்கள் தங்களுக்காகச் சேர்த்தது

காப்பகம் மக்களுக்காகத் தொடங்கப்பட்டது அல்ல என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு வியாபார நிறுவனம். லண்டனில் உள்ள முதலாளிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் கணக்குக் காட்ட வேண்டியிருந்ததால் புனித ஜார்ஜ் கோட்டையில் எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள். 17ஆம் நூற்றாண்டு முதலே அந்தக் காகிதங்கள் சேர்ந்தன. 1805இல் கவர்னர் வில்லியம் பெண்டிங்க் பல துறைகளில் சிதறிக் கிடந்த ஆவணங்களை ஓரிடத்தில் சேர்க்க ஏற்பாடு செய்தார். கோட்டையில் இடம் போதாமல் 1909இல் எழும்பூரில் தனிக் கட்டிடம் வந்தது. சென்னை ஆவண அலுவலகம் என்ற பெயர் 1973இல் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் என்று மாறியது.

உலகத்தின் மற்ற இடங்களிலும் இதே கதைதான். பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1794இல் போடப்பட்ட ஒரு சட்டம், அரசு ஆவணங்களைப் பார்க்கக் குடிமக்களுக்கு உரிமை உண்டு என்றது. அதுவரை ராஜாவின் பெட்டியில் இருந்தது மக்களின் சொத்தானது. இங்கிலாந்தில் பொது ஆவணச் சட்டம் 1838இல் வந்தது. நம் ஊரில் அந்த மாற்றம் மிக மெதுவாகத்தான் நடந்தது.

ஒரே ஒரு பக்கம்

அந்த மாற்றத்துக்கு நல்ல உதாரணம் இனாம் பதிவேடு. நாயக்கர் காலத்திலும் பாளையக்காரர் காலத்திலும் கோயிலுக்கும் சத்திரத்துக்கும் புலவர்களுக்கும் ஊர்ப் பணியாளர்களுக்கும் வரி இல்லாமல் அல்லது குறைந்த வரியில் நிலம் கொடுப்பது வழக்கம். இதுதான் இனாம். 1858இல் ஆங்கில அரசு இனாம் கமிஷனை அமைத்தது. யார் யார் உண்மையாகவே இனாம் பெற்றவர்கள், யாரிடம் வரி வாங்கலாம் என்று பார்ப்பதுதான் நோக்கம். சுருக்கமாகச் சொன்னால் வருமானக் கணக்கு!

அதற்காக ஊர் ஊராக விசாரித்து எழுதினார்கள். நிலம் எங்கே, எவ்வளவு பரப்பு, யார் கொடுத்தது, எதற்காகக் கொடுத்தது, இப்போது யார் அனுபவிக்கிறார்கள், கமிஷனின் முடிவு என்ன... எல்லாம் வரிசையாகப் பத்தி பிரித்துப் பதிவானது.

நூறு, நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து அதே பதிவேடு வேறு வேலை செய்கிறது. ஒரு நிலம் கோயிலுக்குச் சொந்தமா, தனி நபருக்குச் சொந்தமா என்று வழக்கு வந்தால் வக்கீல்கள் முதலில் தேடுவது இதைத்தான். 1919இல் லண்டன் பிரிவி கவுன்சில் தந்த ஒரு தீர்ப்பே இனாம் பதிவேட்டுக்கு மிகுந்த மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. 1963ஆம் ஆண்டின் இனாம் ஒழிப்புச் சட்டங்களுக்குப் பிறகு பட்டா யாருக்கு என்ற கேள்வி வந்தபோதும் இந்தப் பக்கங்கள்தான் பேசின.

அரசிடம் வரி கட்டியவனின் பேரன், அதே அரசு எழுதிய பக்கத்தின் சான்றிட்ட நகலை வாங்கிக்கொண்டு நீதிமன்றத்தில் நிற்கிறான். காப்பகம் செய்யும் பொதுச்சேவை என்பது இதுதான். அந்தப் பக்கம் செல்லரித்துப் போயிருந்தால் வாய்ச் சொல்லுக்கு எதிராக வாய்ச் சொல். அப்போது யார் கை ஓங்கும் என்று சொல்லத் தேவையில்லை.

வேவு பார்த்ததும் வரலாறானது

இன்னொரு வேடிக்கை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழ்ப் பத்திரிகைகள் அரசைப் பற்றி என்ன எழுதுகின்றன என்று தெரிந்துகொள்ள, அவற்றின் சுருக்கத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அதிகாரிகளுக்கு ரகசிய அறிக்கையாகக் கொடுத்து வந்தார்கள். அன்றைய பத்திரிகைகள் பலவற்றின் பிரதிகள் இன்று கிடைப்பதில்லை. ஆனால் அந்த வேவு அறிக்கைகள் இருக்கின்றன! மக்கள் என்ன பேசினார்கள் என்பதை அவர்களைக் கண்காணித்தவர்களின் காகிதத்திலிருந்தே வரலாற்றாசிரியர்கள் எடுத்து எழுதுகிறார்கள். 1908இல் திருநெல்வேலியில் நடந்த எழுச்சி, வ.உ.சி. மீதான வழக்கு ஆகியவற்றை எழுதுபவர்களும் அன்றைய அரசாணைகளைத் தேடிப் போகிறார்கள். அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரும் அதே திருநெல்வேலி மாவட்டம்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

1867ஆம் ஆண்டின் அச்சகம் மற்றும் நூல் பதிவுச் சட்டமும் இப்படித்தான். அச்சாகும் நூல்களைக் கண்காணிக்க வந்த சட்டம் அது. நூலின் பெயர், ஆசிரியர், அச்சகம், எத்தனை பிரதி, என்ன விலை என்று பட்டியல் போட்டார்கள். இன்று ஒரு பழைய தமிழ் நூல் எப்போது வந்தது என்று அறிய அந்தப் பட்டியல்தான் துணை.

கன்னிமாராவின் கதை

இனி நூலகத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் கம்பெனி அதிகாரிகளுக்குப் பயிற்சி தந்த ஹெய்லிபரி கல்லூரியில் மிஞ்சிய புத்தகங்கள் 1861இல் சென்னைக்கு வந்தன. அவற்றை அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். 1890இல் கவர்னர் கன்னிமாரா பிரபு ஒரு பொது நூலகத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1896 டிசம்பர் 5இல் அது திறக்கப்பட்டபோது அவர் பதவியில் இல்லை, பெயர் மட்டும் நிலைத்தது.

1954இல் வந்த நூல் வழங்கல் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் ஒரு பிரதியைப் பதிப்பாளர் கன்னிமாராவுக்கும் அனுப்ப வேண்டும். கொல்கத்தா தேசிய நூலகம், மும்பை, டெல்லி ஆகியவற்றோடு கன்னிமாராவும் அந்த நான்கில் ஒன்று. கடையில் விற்றுத் தீர்ந்த புத்தகம், பதிப்பகமே மூடிப்போன புத்தகம், சிவகாசியில் அச்சாகி ஐந்நூறு பேர் மட்டும் படித்த புத்தகம் என எதுவானாலும் ஒரு பிரதி அங்கே இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் எண்ணம். சட்டத்தை எத்தனை பதிப்பாளர்கள் மதிக்கிறார்கள் என்பது தனிக் கதை!

ரூபாய்க்கு அரை அணா

சென்னையில் பெரிய நூலகம் இருந்தால் ராஜபாளையத்துக்காரருக்கு என்ன பயன்? இந்தக் கேள்வியை முன்பே கேட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக ஆனவர். புத்தகம் பூட்டி வைக்க அல்ல, ஒவ்வொருவரும் பயன்படுத்தத்தான் என்பதையே நூலகவியலின் அடிப்படை விதியாக 1931இல் எழுதினார். அதே ஆண்டில் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோகும் நூலகமும் தொடங்கியது.

அவருடைய நீண்ட நாள் முயற்சியால் 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. அப்போது கல்வி அமைச்சர் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார். மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு, சொத்து வரியோடு சேர்த்து ரூபாய்க்கு 6 பை, அதாவது அரை அணா நூலக வரி. நூலகம் யாரோ ஒரு வள்ளலின் தயவில் நடப்பது அல்ல, மக்கள் பணத்தில் மக்களுக்கு நடப்பது என்று இந்த அரை அணா சொன்னது.

இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் கன்னிமாரா மாநில மைய நூலகம் ஆனதும் ஒரே நாள். அது 1950 ஏப்ரல் 1. அன்று சென்னை மாநில முதலமைச்சராக இருந்தவர் ராஜபாளையத்தைச் சேர்ந்த பூ.ச. குமாரசாமி ராஜா! தம் சொந்த வீட்டையே ஊருக்காகக் காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர் அவர். அந்த ஊர்க்காரர்கள் பலருக்கும் வீட்டை கொடுத்தது தெரியும், நூலக வரியின் தொடக்கம் அவர் ஆட்சிக் காலம் என்பது தெரியாது.

அந்த வரி இன்று ரூபாய்க்கு 10 காசு. சொத்து வரி 1,000 ரூபாய் கட்டும் குடும்பம் 100 ரூபாய் நூலகத்துக்குக் கொடுக்கிறது. தமிழ்நாட்டில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருப்பதற்கு இந்த வரி ஒரு முக்கியக் காரணம். ஆனால் ரசீதில் அந்த வரியைப் பார்த்துவிட்டுத் தெரு முனையில் உள்ள கிளை நூலகத்துக்குப் போனவர்கள் எத்தனை பேர்? பணம் கட்டி வாங்கிய சேவையை எடுக்காமல் விடுவது எந்தக் கணக்கிலும் நஷ்டம்தானே!

இழந்தால் என்ன ஆகும்?

1981 மே 31 நள்ளிரவையொட்டி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. அச்சு நூல்களில் சிலவற்றைப் பிறகு வேறு இடங்களிலிருந்து சேர்க்க முடிந்தது. கட்டிடத்தையும் திரும்பக் கட்டினார்கள். ஆனால் வேறெங்கும் பிரதி இல்லாத ஓலைச் சுவடிகளும் கையெழுத்துப் படிகளும் போனது போனதுதான்.

தீ வைத்தால்தான் அழியும் என்பதும் இல்லை. கரையான், ஈரம், உடையும் காகிதம், அட்டவணை இல்லாத கட்டு, கவனிக்க ஆள் இல்லாத அறை... இவையும் அதே வேலையைச் சத்தமில்லாமல் செய்யும். அதனால்தான் பழைய ஆவணங்களைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றுவது அவசியம். அதிலும் பட்டியல் சரியாக இருக்க வேண்டும். ஊர்ப் பெயரோடு தாலுகாவும் மாவட்டமும் ஆண்டும் சேர்த்துப் பதியாவிட்டால், கணினியிலும் இரண்டு திருவண்ணாமலைகள் ஒன்றாகிவிடும்.

பொதிகையில் ஓர் இரவு

2023 ஜூலையில் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்த பிறகு தென் மாவட்ட மாணவர்களுக்குப் புத்தகம் பக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் மூல ஆவணம் இன்னும் எழும்பூரில்தான்.

செங்கோட்டைக்கும் எழும்பூருக்கும் இடையே ஓடும் பொதிகை எக்ஸ்பிரஸ் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகப் போகிறது. எழும்பூர் ரயில் நிலையத்தின் எதிரே, காந்தி இர்வின் சாலையில் ஆவணக் காப்பகம். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் பாந்தியன் சாலையில் கன்னிமாரா. கல்யாணத்துக்கும் வேலைக்கும் அந்த நிலையத்தில் இறங்கும் தென் மாவட்டத்து மக்கள் ஏராளம். தங்கள் ஊரின் பழைய கதை எதிர்க் கட்டிடத்தில் கட்டுக்கட்டாக இருக்கிறது என்று தெரியாமலே ஆட்டோ பிடித்துப் போய்விடுகிறார்கள்.

ஆள வந்தவர்கள் தங்கள் கணக்குக்காக எழுதி வைத்தது, ஆளப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்குச் சாட்சியாக நிற்கிறது. ஆனால் சாட்சியைக் கூப்பிட்டால்தான் அது பேசும். தேடிப் போகிறவர்கள் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. வெறும் திருவண்ணாமலை என்று எழுதாமல், "திருநெல்வேலி மாவட்டம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா" என்று சேர்த்து எழுத வேண்டும். அப்போதுதான் சீனிவாசப் பெருமாளின் மலை கிடைக்கும்!