நான்கு எழுத்துச் சாவி

பருத்திப்பட்டில் ஒரு வீட்டில் பரணைச் சுத்தம் செய்தபோது கிடைத்த பழைய சோனி பிளேஸ்டேஷன் கேம் செட் ஒன்று என் கைக்கு வந்தது. அடியில் எஸ்.சி.பி.எச்.-7502 என்று மாடல் எண். கடைசி இலக்கம் 2 என்றால் ஐரோப்பியச் சந்தைக்கான செட். திருகுகளைக் கழற்றிப் பார்த்தேன். எட்டுக் கால் சிப் ஒன்று, மெல்லிய ஒயர்களோடு கையால் சால்டர் செய்யப்பட்டிருந்தது. தொழிற்சாலையில் வைத்ததல்ல. "ரிச்சி தெருவுல வாங்கும்போதே சிப் போட்ட செட்டுன்னுதான் சார் குடுத்தாங்க" என்றார் வீட்டுக்காரர். அந்தச் சிப் என்ன செய்தது, அதைப் போட்டவர் சட்டப்படி குற்றவாளியா, தயாரித்த நிறுவனம் எப்படித் திருப்பி அடித்தது என்று தேடத் தொடங்கினேன்.

முதல் தடயம் சிப்பின் நிரல். அக்காலச் சிப்கள் பலவும் பிக் 12சி508 என்ற மலிவான மைக்ரோகண்ட்ரோலர்தான். அவற்றில் ஓடிய நிரல்கள் சில பின்னர் வெளியாகிவிட்டன. சோனியின் அசல் வட்டில் உள்விளிம்புத் தடம் நேராகப் போகாமல் மிக நுண்ணியதாக நெளிகிறது. அந்த நெளிவுக்குள் நான்கு எழுத்துகள் இருக்கின்றன: ஜப்பானுக்கு எஸ்.சி.இ.ஐ., அமெரிக்காவுக்கு எஸ்.சி.இ.ஏ., ஐரோப்பாவுக்கு எஸ்.சி.இ.இ. வீட்டிலுள்ள சி.டி. ரைட்டரால் அந்த நெளிவை எழுத முடியாது. தன் சந்தைக்கான எழுத்துகள் கிடைக்காவிட்டால் செட் கேமை ஓட்டாது. வட்டு சொல்ல வேண்டிய எழுத்துகளைச் சிப் சொல்லிவிடும், அவ்வளவுதான். நகல் வட்டும் ஓடும். காசு கொடுத்து வாங்கிய அமெரிக்க அசல் வட்டும் ஓடும். சட்டத்தின் சிக்கல் முழுவதும் இந்த இரட்டைப் பயனில்தான் இருக்கிறது.

பதிலடி முதலில் கேம்களுக்குள்ளிருந்தே வந்தது. சிப் ஓயாமல் எழுத்துகளை அனுப்பிக்கொண்டிருப்பதை மோப்பம் பிடித்து, 1999 வாக்கில் வந்த சில கேம்கள் ஓட மறுத்தன. டைனோ கிரைசிஸ் அவற்றில் ஒன்று. செட் கிளம்பியதும் வாயை மூடிக்கொள்ளும் சிப்களை, சிப் தயாரிப்பவர்கள் அடுத்ததாகக் கொண்டுவந்தார்கள்.

நீதிமன்றத் தடயத்துக்கு அந்த எழுத்துகளே வழிகாட்டின. எஸ்.சி.இ.இ. என்பதன் விரிவு சோனி கம்ப்யூட்டர் எண்டர்டெயின்மெண்ட் யூரோப். அதே பெயர், தில்லி உயர் நீதிமன்றத்தின் 2012-ஆம் ஆண்டு வழக்கொன்றில் வாதியாக நிற்கிறது. பிளேஸ்டேஷன்களின் பூட்டை உடைத்து, அதாவது ஜெயில்பிரேக் செய்து, விற்றதாகச் சிலர் மீது தொடுத்த வழக்கு அது. இந்தியச் சந்தை அப்போது ஐரோப்பியக் கிளையின் பொறுப்பில் இருந்தது.

அதே 2012-இல்தான் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 65-ஏ பிரிவு சேர்ந்தது. இத்தகைய தொழில்நுட்பப் பூட்டை உடைப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் என்கிறது அது. ஆனால் நடுவில் ஒரு நிபந்தனை இருக்கிறது: உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்திருக்க வேண்டும். இந்த நிபந்தனை எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனேன். ஜூன் 21-இல் நடைமுறைக்கு வந்த சட்டம், மே மாதம் இரு அவைகளிலும் நிறைவேறியது. மசோதா மாநிலங்களவைக்கு வந்தது 2010 ஏப்ரலில். அவ்வாண்டு நவம்பரில் வந்த நாடாளுமன்ற நிலைக்குழுவின் 227-ஆவது அறிக்கைதான் எனக்கு விடை தந்தது. பிரிவை வேண்டுமென்றே சுருக்கமாக எழுதியிருப்பதாகவும், படைப்புகள் மக்களைச் சென்றடைவதை மனத்தில் வைத்து நீதிமன்றங்கள் அதை வளர்த்தெடுக்கலாம் என்றும் மசோதாவைக் கொண்டுவந்த துறை அங்கே விளக்கியிருக்கிறது. படித்ததும் மகிழ்ந்தேன், சாமானியனுக்காக யாரோ யோசித்து விட்டுவைத்த இடம் அது.

மற்ற நாடுகளோடு ஒப்பிட்டும் பார்த்தேன். அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் பூட்டை உடைக்கும் கருவிகளை விற்பதையே தடுக்கிறது. ஆஸ்திரேலிய உச்ச நீதிமன்றம் 2005-இல், சிப் விற்றவர் பக்கம் நின்றது: சோனியின் பூட்டு நகல் எடுப்பதைத் தடுக்கவில்லை, எடுத்த நகல் ஓடுவதைத்தான் தடுக்கிறது என்றது. அமெரிக்காவுடனான வணிக ஒப்பந்தத்தையொட்டி ஆஸ்திரேலியா அடுத்த ஆண்டே சட்டத்தை இறுக்கிவிட்டது.

எனக்கு அதிகம் கவலை தருவது நிறுவனங்களின் இன்னோர் ஆயுதம். பிளேஸ்டேஷன் 3-இல் லினக்ஸ் ஓட்டும் வசதியைச் சோனியே தந்திருந்தது. 2010 ஏப்ரல் 1-இல் வந்த 3.21 அப்டேட் அதைப் பறித்தது. அப்டேட் செய்யாவிட்டால் ஆன்லைன் சேவை கிடையாது. அவ்வாண்டு டிசம்பரில் பெர்லினில் நடந்த ஹேக்கர்கள் மாநாடு ஒன்றில் ஆய்வாளர்கள் ஒரு பிழையைப் போட்டுடைத்தார்கள்: மென்பொருளுக்கு டிஜிட்டல் கையொப்பம் இடும்போது ஒவ்வொரு முறையும் மாற வேண்டிய எண்ணைச் சோனி மாற்றவே இல்லை, அதனால் ரகசியச் சாவியைக் கணக்குப் போட்டே எடுத்துவிடலாம். அடுத்த மாதம் ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற ஹேக்கர் மூலச் சாவி ஒன்றை வெளியிட, சோனி வழக்குப் போட்டது, ஏப்ரலுக்குள் சமரசமானது. காசு கொடுத்து வாங்கிய பொருளிலிருந்து ஒரு வசதியை விற்றவரே பிடுங்குவது அநியாயம் என்றே கருதுகிறேன்.

ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் செட் பழுது பார்ப்பவர்கள் 65-ஏ பிரிவின் இரண்டாம் உட்பிரிவை அவசியம் படிக்க வேண்டும். சட்டம் தடுக்காத வேலைக்காக ஒருவரின் பூட்டைத் திறக்க உதவினால், அவர் பெயர், முகவரி, அடையாள விவரம், எதற்காகத் திறந்தது என்பதையெல்லாம் பதிந்து வைத்திருக்க வேண்டும் என்கிறது அது. அசல் வட்டு ஓடுவதற்காக வருகிறவரா, நகல் கேம் கேட்டு வருகிறவரா என்பதை அந்தப் பதிவேட்டில்தான் காட்ட முடியும். நகல் கேம் போட்டுக் கொடுத்தால் அது தனிக் குற்றம். எந்தப் பதிவேடும் காப்பாற்றாது. சிப் போடத் தெரிந்த ஒருவரிடம் இந்தப் பிரிவைத் தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மற்றவர்களுக்கும் கொடுக்கப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.