சிறைப்பட்ட சக்கரவர்த்தி

கொல்லிமலையின் அடிவாரத்தில் சேந்தமங்கலம் என்றோர் ஊர் உண்டு. மூன்றாம் இராசராச சோழன் சேந்தமங்கலத்தில் சிறையிருந்தான் என்று வரலாற்று நூலில் படிக்கும் மாணவர் சிலர், இவ்வூரையே அவ்வூராகக் கொள்வதுண்டு. சோழன் சிறையிருந்த ஊர் உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகே, கெடில நதிக்கரையில் உள்ளது. ஆயினும் இக்கதையைக் கொல்லிமலையிலிருந்தே தொடங்க விரும்புகின்றேன்.

சங்க காலத்தில் இம்மலையை ஆண்டவன் வல்வில் ஓரி. முள்ளூர்க் காரி அவனைக் கொன்று, மலையைச் சேரனுக்கு அளித்தான். குறுநில மன்னன் வென்றான், பெருவேந்தன் பெற்றான். ஓராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாயின. 13-ஆம் நூற்றாண்டில் காட்சி தலைகீழாயிற்று. முன்பு மலை கைமாறியது. இப்போது வேந்தனே கைமாறினான்.

1216-இல் இராசராசன் பட்டமெய்தியபோது சோழப் பேரரசு தளர்ந்திருந்தது. மாறவர்மன் சுந்தர பாண்டியன் தஞ்சையையும் உறந்தையையும் எரியூட்டி, சோழ நாட்டைக் கைப்பற்றிப் பின் அதனைச் சோழருக்கே திருப்பியளித்தவன். கொடையாகப் பெற்ற அரியணையில் வலிமை ஏது? 1231-ஆம் ஆண்டளவில், காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் தெள்ளாற்றில் சோழனை வென்று சேந்தமங்கலத்தில் அடைத்தான். போசள மன்னன் இரண்டாம் நரசிம்மன் தன் தண்டநாயகர் இருவரை ஏவினான். அவர்கள் காடவனின் ஊர்களை அழித்துக்கொண்டே சென்று சோழனை மீட்டனர். சோழ இராச்சியத்தை நிலைநிறுத்தியவன் என்னும் பெருமை நரசிம்மனைச் சேர்ந்தது.

சிறைப்பிடித்தவன் சோழனைக் கொன்று முடிசூடியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அவன் சூடினால் பாண்டியன் பொறான், போசளன் பொறான். பாண்டியன் காவிரிக்கரை முழுவதையும் விழுங்காதிருக்க, நடுவே ஒரு சோழன் இருப்பது போசளனுக்கு நலமாயிற்று. மேலும், நிலக்கொடையோ வரிநீக்கமோ எதுவாயினும் மன்னனின் ஆட்சியாண்டு இட்டே கல்லில் வெட்டுவர். தலைமுறை பலவாக மக்கள் கண்டு பழகிய அப்பெயருக்கு, படை போன பின்னும் மதிப்பிருந்தது என்பதே என் கருத்து. இதற்குப் பிற்காலத்திலும் சான்றுண்டு. தில்லியில் மொகலாயப் பாதுஷா இரண்டாம் ஷா ஆலம் பிறர் காவலில் வாழ்ந்து 1806-இல் இறந்தார். ஆங்கிலக் கம்பெனியோ 1835 வரையில் அவர் பெயராலேயே ரூபாய் நாணயம் அடித்தது!

கோப்பெருஞ்சிங்கன் அடங்கிவிடவில்லை. 1243 முதல் தன் ஆட்சியாண்டைத் தானே எண்ணத் தொடங்கி, சக்கரவர்த்தி என்னும் பட்டமும் புனைந்தான். அப்போதும் இராசராசன் உயிரோடிருந்தான். பின்னர்ச் சடையவர்மன் சுந்தர பாண்டியன் எழுந்து, போசளரின் கண்ணனூரையும் காடவரின் சேந்தமங்கலத்தையும் வென்றான். மூன்றாம் இராசேந்திரனின் கல்வெட்டுக்கள் 1279-ஓடு நின்றுவிடுகின்றன.

இராசராசன் சிறைப்பட்டதையும் மீண்டதையும் விரிவாகச் சொல்லும் கல்வெட்டு, கடலூரை அடுத்த திருவந்திபுரத்துப் பெருமாள் கோயிலில் இருக்கிறது. விடுமுறையில் அவ்வழிச் செல்லும் மாணவர்கள் அதனைத் தேடிப் பார்க்கவேண்டும். சோழனுக்கு நேர்ந்த இழிவையும் அவனை மீட்ட போசளரின் வீரத்தையும் விவரிக்கும் அக்கல், ஆண்டைக் குறிக்குமிடத்தில் இராசராசனின் ஆட்சியாண்டையே குறித்து நிற்கிறது.