இரண்டு துளைகள், ஓர் ஆரஞ்சு பொத்தான்

இன்று ஓர் இயர்போன் வாங்கப் போனால் என்னென்ன பார்ப்போம்? டிரைவர் எத்தனை மில்லிமீட்டர், சார்ஜ் எத்தனை மணி நேரம் நிற்கும், வியர்வை பட்டால் தாங்குமா, பேஸ் எப்படி. பத்து ரிவ்யூ பார்த்துவிட்டு, கடைசியில் தள்ளுபடியில் கிடைப்பதை வாங்குவோம். அந்த ஒப்பீட்டுப் பட்டியல் எதிலும் இல்லாத ஒரு கேள்வி, சோனி வாக்மேனின் முதல் மாடலிலேயே இருந்தது. நீங்கள் பாட்டு கேட்கும்போது பக்கத்தில் இருப்பவர் என்ன செய்வார்?

அந்த மாடலின் பெயர் டிபிஎஸ்-எல்2. ஜப்பானில் 1979 ஜூலை 1 அன்று விற்பனைக்கு வந்தது. சோனியை நிறுவியவர்களில் ஒருவரான மசாரு இபுகாவுக்கு நீண்ட விமானப் பயணங்களில் ஸ்டீரியோவில் இசை கேட்க ஆசை. கையில் இருந்த கருவியோ தூக்கிச் சுமக்க முடியாத கனம். அதனால் பத்திரிகையாளர்களுக்காகச் செய்த ‘பிரஸ்மேன்’ என்ற சின்ன ரெக்கார்டரை எடுத்து, பதிவு செய்யும் பாகத்தைக் கழற்றிவிட்டு, ஸ்டீரியோவில் பாட வைத்தார்கள். அதுவரை ஒரு ஹெட்போன் 300, 400 கிராம் இருக்கும். இதற்கென்று வந்தது சுமார் 50 கிராம்தான். இந்த எடைக் குறைப்பு நடக்காமல் இருந்திருந்தால், யாரும் இதை மாட்டிக்கொண்டு தெருவில் நடந்திருக்க மாட்டார்கள்.

பதிவு செய்யாத டேப் ரெக்கார்டரை எவன் வாங்குவான்னு கம்பெனிக்குள்ளேயே சந்தேகம். இன்னொரு நிறுவனரான அகியோ மொரிட்டா பிடிவாதமாக நின்றார். ஆனால் அவருக்கும் ஒரு கவலை இருந்தது. தன் நினைவுக்குறிப்பு நூலில் அதை எழுதியிருக்கிறார். சோதனைக் கருவியை வீட்டுக்கு எடுத்துப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தபோது, தன்னை ஒதுக்கிவிட்டதாக மனைவிக்கு எரிச்சல் வந்ததாம். நாலு பேர் நடுவில் ஒருவர் மட்டும் இசை கேட்பது மரியாதைக் குறைவு என்றுதான் அவரும் நினைத்தார்.

அந்தக் கவலையின் விளைவு வன்பொருளிலேயே தெரியும். முதல் வாக்மேனில் ஹெட்போனுக்கு இரண்டு துளைகள். இரண்டு பேர் சேர்ந்து கேட்கலாம். கூடவே ‘ஹாட்லைன்’ என்று ஓர் ஆரஞ்சு பொத்தான். அதை அழுத்தினால் பாட்டின் சத்தம் இறங்கும், கருவியில் இருக்கும் மைக் விழித்துக்கொள்ளும், எதிரில் பேசுபவரின் குரல் காதில் விழும். கழற்றாமலேயே பதில் சொல்லலாம். மென்பொருள்காரன் பாஷையில் சொன்னால், தனிமையை ஒரு பக்(bug) மாதிரி முன்கூட்டியே யூகித்து, ரிலீசுக்கு முன்பே பேட்ச் போட்டுவிட்டார்கள்.

முதல் மாதம் விற்பனை மந்தம். ஆகஸ்ட் முடிவதற்குள் முதலில் தயாரித்த 30,000 கருவிகளும் தீர்ந்துபோயின. ஆனால் வாங்கியவர்கள் அந்தப் பேட்சைக் கண்டுகொள்ளவே இல்லை. இதைத் தங்களுக்கு மட்டுமான பொருளாகத்தான் பார்த்தார்கள். பின்னால் வந்த மாடல்களில் ஆரஞ்சு பொத்தான் காணாமல் போனது. இரண்டு துளைகளும் போகப்போக ஒன்றாயின. மொரிட்டா அஞ்சியதைத்தான் மக்கள் காசு கொடுத்து வாங்கினார்கள்.

இதை ‘சமூகம் கெட்டுப்போச்சு’ என்ற ஒப்பாரியாகச் சுருக்க முடியாது. ஷூஹெய் ஹொசோகாவா 1984இல் எழுதிய ‘வாக்மேன் விளைவு’ என்ற கட்டுரையில், தெருவில் வாக்மேனோடு நடப்பவரை ஒரு ரகசிய நாடகமாகப் பார்க்கிறார். அவரிடம் ஏதோ ரகசியம் இருக்கிறது என்று எதிரே வருபவருக்குத் தெரியும், என்னவென்றுதான் தெரியாது. கூட்டுக் குடும்பத்தில், ஹாஸ்டல் அறையில், நெரிசலான ரயிலில் வாழ்கிறவருக்கு அந்த ரகசியம் சின்ன விஷயமா? தனக்கென்று ஓர் அறை இல்லாதவருக்கு ஒரு ஜோடி இயர்போன்தான் கதவு. கதவு வேண்டும். அதை யார் எப்போது தட்டலாம் என்பதில்தான் சிக்கல்.

அதற்கு நாமே வழி கண்டுபிடித்தோம். நம்ம ஊர் காலேஜ் பஸ்ஸில் ஒரே வயரை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு போனவர்கள், கம்பெனி கைவிட்ட இரண்டாவது துளையைத் தாங்களே திறந்துகொண்டவர்கள். ஸ்டீரியோ பாழாகும். ஒருவருக்கு வயலின் தூக்கலாக, மற்றவருக்கு கிட்டார் தூக்கலாகக் கேட்கும். பரவாயில்லை, பாட்டு ஒன்றுதானே.

2016இல் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஆப்பிள் தன் ஐபோன் 7இல் இயர்போன் துளையையே எடுத்துவிட்டது. அதே ஆண்டு சோனி வெளியிட்ட எம்டிஆர்-1000எக்ஸ் ஹெட்போனில் வலது காதுமூடியை உள்ளங்கையால் பொத்தினால் பாட்டு தணிந்து வெளிக்குரல் உள்ளே வரும். 37 ஆண்டு கழித்துத் திரும்பி வந்த ஆரஞ்சு பொத்தான். 2019இல் ஒரே போனின் பாட்டை இரண்டு ஜோடி ஏர்பாட்ஸில் கேட்கும் வசதியை ஆப்பிள் கொடுத்தது. அது அந்த இரண்டு துளைகள்.

ஆக, அடுத்த முறை வாங்கும்போது பேஸ், பேட்டரியோடு இதையும் சோதித்துப் பாருங்கள். பாட்டு ஓடும்போது யாராவது பேர் சொல்லிக் கூப்பிடட்டும். அந்தக் குரலை உள்ளே விட எத்தனை நொடி ஆகிறது? கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், பொத்தானை அழுத்த வேண்டிய விரல் நம்முடையதுதான்.