யாருக்குக் கட்டிய தோரணம்?

ஐப்பசி பிறந்துவிட்டால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் முகம் மாறிவிடுகின்றது. வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொண்டுவருகின்றது. வறண்டு கிடந்த செம்மண் தோட்டங்கள் நனைகின்றன, குளங்கள் நிறைகின்றன, வேலிகளிலே கார்த்திகைப்பூ தீக்கொழுந்து போலச் சிவந்து விரிகின்றது. பண்டைத் தமிழர் ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரு திங்களையும் கூதிர் என்று வகுத்தனர். மேலைநாட்டார் இலையுதிர் காலம் என்று எதனைக் கூறுகின்றனரோ, ஏறத்தாழ அதே நாட்கள் நமக்குத் தளிர்க்கும் நாட்களாகின்றன. நவராத்திரி, தீபாவளி, கார்த்திகை விளக்கீடு என்று நம் வாசல்கள் அலங்காரம் பெறும் பருவமும் இதுவே.

வாசல் அலங்காரம் என்பது மிகச் சிறிய பொருள். அரசர்களின் போர்களையும் ஆட்சி மாற்றங்களையும் எழுதுவோர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் ஒரு வீடு சமுதாயத்தைச் சந்திக்கும் இடம் வாசல். அங்கே கட்டப்படும் தோரணம் "வருக" என்று சொல்லும் மொழி. அம்மொழி யாரை நோக்கிச் சொல்லப்பட்டது, யார் அதனைக் கேட்டு உள்ளே வரமுடிந்தது என்று வினவத் தொடங்கினால், ஓலைத் துண்டு ஒன்றினுள்ளே ஒரு சமுதாயத்தின் வரலாறு மடிந்து கிடப்பதை நாம் காணலாம்.

இவ்வழக்கத்தின் தொன்மை ஐயத்துக்கு இடமற்றது. அகநானூற்றின் 141 ஆம் பாட்டில், மழை நீங்கிய வானிலே முழுமதி கார்த்திகை மீனைச் சேரும் இரவில், தெருவெல்லாம் விளக்கேற்றி, மாலை தொங்கவிட்டு, ஊரார் பலரும் கூடி விழாக் கொண்டாடுவதை நக்கீரர் பாடியுள்ளார். சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையிலும் தோரணமும் பூரணகும்பமும் பாவை விளக்கும் வாயில்களிலே விளங்குகின்றன. ஆனால் இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். நக்கீரர் காட்டுவது பலர் கூடிய தெருவை. இளங்கோவடிகள் காட்டுவது நெடுநிலை மாளிகைகளின் வாயில்களை. அங்கே முத்தும் பொன்னும் மணியும் அலங்காரப் பொருள்களாகின்றன. ஊரார் எல்லாரும் ஏற்றிய விளக்கு ஒரு மரபு. செல்வர் தம் வாயிலில் நாட்டிய சிறப்பு மற்றொரு மரபு. நம் வாசல்களில் இவ்விரு மரபுகளும் அருகருகே வாழ்ந்து வந்திருக்கின்றன.

யாழ்ப்பாணத்தின் பழைய வீடுகளிலே வாசல் என்பது ஒரு கதவு மாத்திரமன்று. தெருவோரத்தில் வேலி, வேலியிலே படலை. வசதியுள்ளோர் வீடுகளில் அப்படலைக்கு மேல் சிறு கூரை அமைத்து, இரு புறமும் திண்ணை கட்டியிருப்பர். அதுவே சங்கடப்படலை. வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி இளைப்பாற அமைந்த இடம் அது. சுமைதாங்கி, ஆவுரஞ்சிக்கல், மடம், கேணி ஆகியவற்றைத் தெருவுக்கு அளித்த அதே உள்ளமே சங்கடப்படலையையும் அளித்தது எனலாம். அதனைக் கடந்தால் முற்றம். முற்றத்துக்கு அப்பால் தலைவாசல். அதன்பின் நாற்சார் வீடு. ஒவ்வொரு எல்லையும் ஒரு படி. ஒவ்வொரு படியிலும் ஒரு கேள்வி: நீ யார்?

அலங்காரப் பொருள்களோ எளியவை. தென்னங்குருத்தைக் கிழித்து, மடித்து, செருகிக் கயிற்றிலே கோத்தால் தோரணம். மடிப்பில் எழும் உருவைக் குருவி என்பர். மங்கல வீட்டுக்கும் சாவீட்டுக்கும் மடிப்பு வேறு. அறிந்தவர் தெருவில் நின்று பார்த்தே வீட்டின் நிலையை உணர்ந்துகொள்வர். எழுத்தறியாதாரும் படிக்கக்கூடிய ஏடு அது. தோரணத்தோடு மாவிலை, குலையோடு கூடிய வாழை, நிறைகுடம் ஆகியனவும் சேரும். விளக்கீட்டன்று படலையடியில் வாழைக்குற்றி நாட்டி, அதன் தலையிலே விளக்கு ஏற்றுவர். சிறு தடிகளில் பழந்துணி சுற்றி, எண்ணெயில் தோய்த்து, கிணற்றடியிலும் மாட்டுக்கொட்டிலிலும் வேலியோரத்திலும் நாட்டிக் கொளுத்துவர். கோயில் வீதியிலே ஓலையால் அமைத்த சொக்கப்பனை எரியும். இவற்றில் எதுவும் கடையில் வாங்கியதன்று. வளவில் விளைந்ததும், கையினால் ஆனதுமே அன்றைய அலங்காரம்.

கையினால் ஆனது என்றோம். யாருடைய கை? இங்கேதான் நம் பெருமிதம் சற்றுத் தயங்கி நிற்கின்றது. தென்னையிலும் பனையிலும் ஏறி ஓலை வெட்டி இறக்கியவர் ஒடுக்கப்பட்ட மக்கள். கலியாண வீட்டுப் பந்தலின் உட்புறத்தை வெள்ளைத் துணி கட்டி ஒளிபெறச் செய்தவர் சலவைத் தொழிலாளர். பெட்டியும் கடகமும் பாயும் தடுக்கும் இழைத்தவர் ஏழை வீட்டுப் பெண்கள். இவர்களின் உழைப்பு தலைவாசல் வரையும் சென்றது. அவ்வுழைப்புக்கு உடையவர்களோ முற்றத்திலும் கோடிப்புறத்திலும் நிறுத்தப்பட்டனர். ஒல்லாந்தர் 1707 ஆம் ஆண்டிலே தொகுப்பித்த தேசவழமை, அடிமைகளைப் பற்றிய விதிகளையும் கொண்டிருந்தது. இலங்கையில் அடிமைமுறை 1844 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால் வாசற்படியின் சட்டம் அதன்பின்னும் நெடுங்காலம் மாறவில்லை. தோரணத்தின் குருத்து தீண்டத்தக்கது. குருத்தை வெட்டிய கை தீண்டத்தகாதது! இதனினும் பெரிய முரண்பாடு வேறு உண்டோ?

வீட்டு வாசலில் நிலவிய இவ்விதியே பொதுவாசல்களிலும் நிலவியது. பாடசாலையில் ஒடுக்கப்பட்ட சிறுவர் நிலத்தில் அமர்த்தப்பட்டனர். சம ஆசனம் 1929, 1930 ஆம் ஆண்டுகளிலே பெரும் எதிர்ப்புக்கிடையில் வந்தது. தேநீர்க்கடைகளில் அம்மக்களுக்கென்று தனிக் குவளையும் போத்தலும் இருந்தன. கோயிலின் வாசலில் தோரணமும் வாழையும் அழகுறக் கட்டப்பட்டிருக்க, அவற்றைத் தந்தவர் வெளிவீதியில் நின்று வணங்கினர். 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்டபோதும், கதவுகள் தாமாகத் திறக்கவில்லை. அவற்றைத் திறக்க மக்கள் தெருவில் இறங்கவேண்டியிருந்தது. 1966 ஒக்டோபர் 21 ஆம் நாள், ஐப்பசி மாதத்தின் தொடக்கத்தில், சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட்டது. பொலிசாரின் தடியடியையும் தாண்டி அது முன்னேறியது. 1967, 1968 ஆம் ஆண்டுகளில் தேநீர்க்கடைகளின் வாசல்களிலே போராட்டம் நடைபெற்றது. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாசலில் மக்கள் அறப்போர் நிகழ்த்தினர். கே. டானியலின் "பஞ்சமர்" 1972 இலே வெளிவந்தபோது, அக்கால வாழ்வு இலக்கியத்தில் நிலைபெற்றது. இன்று பல கோயில்களுக்குள் எல்லாரும் செல்கின்றனர் எனின், அஃது எவரும் மனமுவந்து அளித்த கொடையன்று. அடிபட்டுப் பெற்ற உரிமை.

வாசலின் வரலாறு இத்துடன் முடிந்திருக்குமாயின் நாம் ஓரளவு மனநிறைவு கொள்ளலாம். ஆனால் மேலும் இரண்டு ஐப்பசிகளை நாம் நினைவுகூர வேண்டியிருக்கின்றது.

1990 ஒக்டோபர் 30 ஆம் நாள் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் மக்கள், இரண்டு மணி நேரத்துள் வெளியேறுமாறு விடுதலைப் புலிகளால் கட்டளையிடப்பட்டனர். அம்மாதத்தில் வடமாகாணத்தை விட்டு அகற்றப்பட்டோர் தொகை 70,000 க்கும் மேற்பட்டது. தலைமுறை தலைமுறையாகச் சோனகதெருவில் வாழ்ந்த குடும்பங்கள், வீட்டுப் பொருள்களையும் ஆவணங்களையும் விட்டு வெறுங்கையோடு சென்றன. பெரும்பாலோர் புத்தளத்தில் அகதிகளாயினர். தமிழே பேசிய, தமிழிலே கற்ற மக்கள் அவர்கள். அன்று அவர்களின் வாசல்கள் வெறுமையாயின. நம் வாசல்களோ பெரும்பாலும் மௌனம் காத்தன. அச்சம் நம்மைக் கட்டிப்போட்டிருந்தது என்று கூறலாம், அஃது உண்மையுமாகும். ஆயினும் வரவேற்பைத் தன் பண்பாடு என்று கூறிக்கொள்ளும் ஒரு சமுதாயம், அந்நாளை மறைத்து வைத்துக்கொண்டு தோரணம் கட்ட முடியாது.

சரியாக ஐந்தாண்டுகள் கழிந்து, 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள், வலிகாமத்து மக்கள் அனைவரும் தம் வாசல்களைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டனர். இராணுவம் நெருங்கிக்கொண்டிருந்தது, வெளியேறுமாறு புலிகளின் கட்டளை. கொட்டும் மழையில் செம்மணியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து, இலட்சக்கணக்கானோர் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் நடந்தனர். அங்குள்ள படலைகள் பல திறந்தன. விறாந்தைகளிலும் கோயில் மண்டபங்களிலும் பாடசாலைகளிலும் முன்பின் அறியாதோர் படுத்துறங்கினர். சங்கடப்படலையின் பழைய பொருளை யாழ்ப்பாணம் அந்த மழை நாட்களிலே மீண்டும் கற்றது. 1996 இன் ஏப்ரல், மே மாதங்களில் திரும்பியோர் பலர், கதவும் நிலையும் கூரையும் இழந்த வீடுகளைக் கண்டனர். வலிகாமம் வடக்கின் உயர்பாதுகாப்பு வலயத்துள் வீடுகளை இழந்தவர்களோ, தம் வாசல் இருந்த இடத்தைக் காண்பதற்கே இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் காத்திருக்க நேர்ந்தது.

போர் 2009 இல் முடிந்த பின்னரும் வாசல் விளக்கு அச்சத்தினின்று விடுபடவில்லை. 2012 நவம்பர் 27 ஆம் நாள் விளக்கீடும் மாவீரர் நாளும் ஒன்றாக வந்தன. அன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விடுதிகளுக்குள் படையினர் புகுந்தனர். மறுநாள் மாணவர் தாக்கப்பட்டனர். எந்த விளக்கு எதற்காக எரிகின்றது என்று அரசு வாசலில் வந்து வினவும் நிலை வந்தது. இருளிலே ஒரு மனிதன் தன் படலையடியில் சிறு விளக்கு ஏற்றுவதற்கும் விளக்கம் கூறவேண்டுமெனில், அந்நாட்டில் சுதந்திரம் எவ்வளவு என்பதை வேறு அளவுகோல் கொண்டு அளக்க வேண்டியதில்லை.

இன்று நம்மவருள் ஒரு பெரும்பகுதியினர் கடல் கடந்து வாழ்கின்றனர். கனடாவில் ஒக்டோபர் மாதத்திலே வீட்டு முன்றிலில் பூசணிக்காயும், உலர்ந்த சோளத்தட்டையும், பழுத்த இலைகளால் கட்டிய வளையமும் வைக்கும் வழக்கம் உண்டு. நம் பிள்ளைகளும் அவ்வாறே செய்கின்றனர். இதனைக் கண்டு நகைக்கவோ நொந்துகொள்ளவோ வேண்டியதில்லை. அயர்லாந்து மக்கள் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தனர். அமெரிக்காவிலே குடியேறியபின் அங்கு எளிதிற் கிடைத்த பூசணியைக் குடைந்தனர் என்பர். மண் மாறும்போது பொருள் மாறும். பருவத்தைக் கையினால் வரவேற்கும் மனித இயல்பு மாறுவதில்லை. அங்கே புதிதாய் வந்தவருக்குக் கதவு திறக்க வேண்டுமென்று விரும்பும் நாம், இங்கே யாருக்குத் திறக்கின்றோம் என்பதே வினா.

ஊரிலோ தோரணம் பிளாஸ்திக்காகிவிட்டது. ஒருமுறை வாங்கினால் பல ஆண்டுக்குப் போதும் என்கின்றனர். வேலிகள் மறைந்து மதில்கள் எழுந்தன. படலை இருந்த இடத்தில் உயர்ந்த இரும்புக் கதவு. 1978 இல் அமைந்த பனை அபிவிருத்திச் சபையின் வழியாக ஓலைக் கைப்பணி ஒரு தொழிலாகப் பேணப்படுகின்றது, நன்று. ஆனால் அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதற்காக மாத்திரம் ஒரு கலை வாழ்ந்துவிட முடியாது.

பாடசாலைகளில் வாணிவிழா வரும்போது, மாணவர் குருத்தோலை கொண்டுவந்து விறாந்தையிலே வட்டமாக இருந்து தோரணம் பின்னுவதை ஆசிரியர்களாகிய நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். எந்த வீட்டுப் பிள்ளை மடித்த குருவி எது என்று கட்டியபின் எவராலும் பிரித்தறிய இயலாது. அவர்களுக்கு மடிப்பைக் கற்பிக்கும்போதே இந்த வரலாற்றையும் கற்பித்தல் நம் கடமை. ஓலையை இறக்கியவர் யார், வாசலில் தடுக்கப்பட்டவர் யார், வாசலை விட்டு விரட்டப்பட்டவர் யார் என்று அவர்கள் அறியட்டும். பழைய அழகை அவ்வாறே மீட்பதனால் மட்டும் பயனில்லை. சாதியும் மதமும் கேளாது திறக்கும் வாசலில் கட்டப்படும்போதே நம் தோரணம் தான் சொல்லும் "வருக" என்னும் சொல்லுக்கு உண்மையாகும்.