அனுமதிச் சீட்டு இல்லாத மேளம்

"மேளம் எங்கடா?" என்று கேட்டார் அப்பா.

நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தது அமெரிக்கக் கருப்பர்களின் ஜாஸ் இசை. 1923 ஏப்ரலில் இண்டியானா மாநிலத்தின் ரிச்மண்ட் ஊரில் பதிவான இசைத்தட்டு. கிங் ஆலிவரின் குழு. அதில் இரண்டாவது கார்னெட் ஊதியவர் அப்போது 21 வயதே ஆகியிருந்த லூயி ஆம்ஸ்ட்ராங். ஊதுகிறவர்கள் பக்கம் அப்பாவின் காது போகவே இல்லை. முப்பது வருசம் சாவுக்கு மேளம் அடித்த மனுசர். அடியில் எது ஓடுகிறது என்று தேடினார். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "கட்டையத்தான தட்டுறான். பெரிய மேளத்தக் காணமே" என்றார்.

அவர் சொன்னது சரி. அப்போது பதிவுக்கு மின்சார மைக் வரவில்லை. பெரிய கூம்பின் முன் நின்று வாசிக்க வேண்டும். அந்தச் சத்தமே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கிழிக்கும். பெரிய மேளத்தை அடித்தால் ஊசி எகிறிவிடும். ஆகவே பேபி டாட்ஸ் என்ற மேளக்காரர் மேளத்தை விட்டுவிட்டு மரக்கட்டையைத் தட்டினார். அந்தத் தட்டை வெளியிட்ட கெனட் கம்பெனி அதே 1920களில் காசு வாங்கிக்கொண்டு கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை வெறிக் கும்பலுக்கும் தட்டு அடித்துக் கொடுத்தது என்பது தனிச் செய்தி.

எந்திரத்தின் குறை என்று இதை விட்டுவிடலாம். ஆனால் அப்பாவின் கேள்வி என்னை விடவில்லை. கருப்பர்களின் மேளம் காணாமல் போனது அதுதான் முதல் தடவையா?

அண்ணல் அம்பேத்கர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1913 முதல் 1916 வரை படித்தார். 1946இல் கருப்பினச் சிந்தனையாளர் டூபாய்சுக்குக் கடிதம் எழுதி, ஐ.நா.வுக்குக் கருப்பர்கள் தந்த மனுவின் பிரதியைக் கேட்டார். 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் அமைப்பு கருஞ்சிறுத்தைகளின் பெயரை எடுத்துக்கொண்டது. இந்த உறவையெல்லாம் நாம் பேசியிருக்கிறோம், எழுதியிருக்கிறோம். ஆனால் அந்த மக்களின் இசையைக் காது கொடுத்துக் கேட்டவர்கள் நம்மில் குறைவு. எனக்கே அது முப்பது வயசுக்குமேல்தான் வாய்த்தது.

1739 செப்டம்பரில் தெற்குக் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். ஆயுதங்களைக் கைப்பற்றி, கொடி பிடித்து, மேளம் அடித்துக்கொண்டு தெற்கே ஃபுளோரிடா நோக்கி நடந்தார்கள். மேளச் சத்தம் கேட்டு மேலும் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். கிளர்ச்சி ரத்தத்தில் முடிந்தது. அடுத்த வருசம், 1740இல், அடிமைகள் மேளம் வைத்திருக்கக் கூடாது, கொம்பு ஊதக் கூடாது என்று சட்டம் வந்தது. அடிமைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதும் அதே சட்டத்தில் குற்றம். மேளமும் எழுத்தும் ஒரே காகிதத்தில் தடையாகின்றன. எதற்குப் பயந்தார்கள் என்று இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

நியூ ஆர்லியன்சில் கதை கொஞ்சம் வேறு மாதிரி. அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் அடிமைகள் கூடி ஆடினார்கள், அடித்தார்கள். 1817இல் நகர நிர்வாகம் அதற்கும் வேலி கட்டியது. மேயர் காட்டிய இடத்தில் மட்டும்தான், ஞாயிறு மட்டும்தான், பொழுது சாய்கிறவரைக்கும்தான். அந்த இடம்தான் காங்கோ சதுக்கம். ஊரில் எங்கே நிற்கலாம், எந்த நேரத்தில் வரலாம் என்று நமக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா? படிக்கும்போதே எனக்குத் தெரிந்த தெருவாக இருந்தது.

அடிமைமுறை சட்டத்தில் ஒழிந்தபின் ரயிலில் பெட்டி பிரித்தார்கள். அதை எதிர்த்து 1892இல் வெள்ளையர் பெட்டியில் ஏறி உட்கார்ந்து கைதான ஹோமர் பிளெசி, நியூ ஆர்லியன்சுக்காரர், செருப்புத் தைப்பவர். 1896இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. ஜாஸ் பிறந்தது இந்தத் தீர்ப்பு ஆண்ட ஊரில்தான். அங்கே கார்னெட் ஊதிய பட்டி போல்டனை முன்னோடி என்கிறார்கள். 1907இல் அவரை மனநல விடுதியில் அடைத்தார்கள். அங்கேயே 1931இல் செத்தார். ஏழைகளின் இடுகாட்டில் புதைத்தார்கள், குழி எது என்று தெரியவில்லை. அவர் ஊதிய ஒரு சத்தம்கூட நமக்கு மிஞ்சவில்லை.

ஆம்ஸ்ட்ராங்கின் பிள்ளைப்பிராயத்தைப் படித்தால் நம்ம காலனிப் பையன் மாதிரியே இருக்கும். கார்னோஃப்ஸ்கி என்ற யூதக் குடும்பத்தின் கந்தல், பழைய சாமான் வண்டியில் கூலிக்குப் போன பையன். தகரக் குழல் ஊதி ஆட்களைக் கூப்பிடுவது அவன் வேலை. அந்தக் குடும்பம் முன்பணம் கொடுத்து உதவ, அடகுக் கடையில் கிடந்த ஒரு பழைய கார்னெட்டை 5 டாலருக்கு வாங்கினான். யாரோ வேண்டாம் என்று விட்ட கருவி. அதில் தொடங்கியதுதான்.

ஆனால் ஜாஸ் என்ற பெயரில் முதன்முதல் தட்டு வெளியிட்டவர்கள் யார்? 1917 பிப்ரவரியில் விக்டர் கம்பெனிக்கு வாசித்த ஐந்து வெள்ளையர்கள். அந்தக் குழுவின் நிக் லாரோக்கா பிற்காலத்தில் ஜாஸைக் கண்டுபிடித்ததே தாங்கள்தான், கருப்பர்களுக்கு அதில் பங்கில்லை என்று பேசித் திரிந்தார். ஆலிவரோ பல்லெல்லாம் போய், ஊத முடியாமல், சவானா நகரில் பந்தாட்டக் கூடம் ஒன்றைக் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்து 1938இல் இறந்தார்.

நியூயார்க்கில் இன்னொரு கொடுமை இருந்தது. 1940 தொடங்கி 1967 வரை, மது விற்கும் விடுதியில் வாசிக்க வேண்டுமானால் போலீசிடம் கைரேகை கொடுத்து ஓர் அட்டை வாங்க வேண்டும். போலீஸ் நினைத்தால் அட்டையைப் பறிக்கலாம். 1939இல், மரத்தில் தூக்கிலிடப்பட்ட கருப்பர்களின் உடல்களைப் பற்றிப் பாடிய பில்லி ஹாலிடேக்கு 1947க்குப் பிறகு அந்த அட்டை இல்லை. பியானோக்காரர் தெலோனியஸ் மங்க் 1951இல் அட்டையை இழந்தார். 1957 வரை சொந்த ஊரின் விடுதிகளில் வாசிக்க முடியவில்லை. விரல் இருக்கிறது, பியானோ இருக்கிறது, கேட்க ஆள் இருக்கிறது. சீட்டு இல்லை.

அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. சட்டம் மெட்டுக்குத்தான் சொந்தம் கொடுத்தது. மெட்டுக்கு அடியில் கிடார்காரன் பிடிக்கிறானே, அந்தச் சுர அடுக்குகளின் வரிசைக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஆகவே பிரபலமான பாட்டின் அடிவரிசையை எடுத்துக்கொண்டு மேலே தங்கள் மெட்டைக் கட்டினார்கள். 1945 நவம்பரில் சார்லி பார்க்கர் பதிவுசெய்த 'கோ-கோ' அப்படிப்பட்டது. அதன் அடியில் ஓடுவது 'செரோக்கி' என்ற பாட்டு. முதல் தடவை வாசிக்கும்போது செரோக்கியின் மெட்டே வந்துவிட்டது, பாதியில் நிறுத்தினார்கள். நின்றுபோன அந்தப் பதிவும் இன்றைக்குக் கேட்கக் கிடைக்கிறது. அந்த அடிவரிசையை இன்னொருத்தன் எடுக்கலாம், அவனிடமிருந்து வேறொருத்தன் எடுக்கலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இங்கேதான் நான் கொஞ்சம் நின்றேன். பொதுவாக வைத்தது நல்லதுதான். ஆனால் பொதுவில் வைத்ததை எவன் வேண்டுமானாலும் அள்ளிக்கொண்டு போய், தன் பெயர் போட்டுப் பூட்டி விற்கலாம் என்றால்? 1917இல் நடந்தது அதுதானே? வாசித்தவன் பெருக்கப் போனான், தட்டுக்காரன் கம்பெனி கட்டினான்.

இதற்கு ஒரு பதிலை நான் எதிர்பாராத இடத்தில் பார்த்தேன். அந்தத் தட்டை அப்பாவுக்குப் போட்டுக் காட்டிய லேப்டாப்பில்.

தமிழக அரசு 2011இல் தொடங்கிய திட்டத்தில் எங்கள் தெருப் பெண்ணுக்குப் பள்ளியில் கொடுத்த லேப்டாப் அது. அவள் நர்சிங் முடித்து வேலைக்குப் போனபின் பரணில் கிடந்தது. பழுது பார்க்கும் கடையில், "இதுக்குச் செலவு பண்றது தண்டம், எடைக்குப் போட்டுடுங்க" என்றார்கள். எங்கள் இரவுப் பாடசாலைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து திறந்தோம். காத்தாடியில் அடைத்த புழுதியை எடுத்தோம். செத்த பட்டன் செல்லை மாற்றினோம். தேய்ந்த ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி ஒன்று போட்டோம். பென் டிரைவிலிருந்து டெபியன் லினக்ஸ் ஏற்றினோம். ஏற்றும்போதே மொழிப் பட்டியலில் தமிழ் இருந்தது. 2 ஜிபி ரேம்தான். எழுத, படிக்க, பாட்டுக் கேட்க அது போதும். இப்போது அப்படி நான்கு லேப்டாப் ஓடுகின்றன. 2025 அக்டோபர் 14ஓடு விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அடுத்த பதிப்போ பழைய சில்லு உள்ள எந்திரங்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. இனி நல்ல எந்திரங்களே எடைக்கு வரும். அடகுக்கடைக் கார்னெட் மாதிரி.

இந்த மென்பொருளை ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்கிறார்கள். இலவசம் என்றும் பொருள், விடுதலை என்றும் பொருள். தமிழில் 'கட்டற்ற' என்று சரியாகப் பிரித்துவிட்டார்கள். எனக்கு இலவசம் என்றாலே பயம். அப்பா அடித்ததும் இலவசம்தான். ஊரில் சாவு விழுந்தால் நடுராத்திரியில் தெருமுனையில் நின்று கூப்பிடுவான். காய்ச்சலில் கிடந்தாலும் வைக்கோல் கொளுத்தி மேளத்தைக் காய்ச்சிக்கொண்டு போக வேண்டும். களத்தில் தூற்றி விடுகிற ஒரு மரக்கால் நெல்லுக்குப் பெயர் கூலி இல்லை, பிச்சை. காலனிப் பிள்ளைகள் கூடி இனி ஊர்ச்சாவுக்கு அடிப்பதில்லை என்று முடிவெடுத்த வருசம் எங்களுக்குக் களையெடுப்பு வேலை இல்லை, டீக்கடையில் டீ இல்லை. அம்மா ஆறு மைல் நடந்து வேறு ஊருக்குக் கூலிக்குப் போனாள். அதனால் சொல்கிறேன், இலவசம் வேறு, கட்டறுப்பது வேறு.

1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். 1989இல் அதற்கொரு உரிமம் எழுதினார். 1991இல் ஹெல்சின்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் கருவை வெளியிட்டு, அடுத்த வருசம் அந்த உரிமத்தின்கீழ் கொண்டுவந்தார். தொடங்கியவர்கள் சேரிக்காரர்களும் இல்லை, கருப்பர்களும் இல்லை. இருந்தாலும் அந்த உரிமம் நமக்குப் பாடம். யார் வேண்டுமானாலும் ஓட்டலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குத் தரலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் ஒரு நிபந்தனை. திருத்தியதைப் பிறருக்குத் தருகிறபோது மூலநிரலையும், உனக்குக் கிடைத்த இதே உரிமைகளையும் சேர்த்துத்தான் தர வேண்டும். பூட்டக் கூடாது. எழுதியவர் பெயரை அழிக்கக் கூடாது. இப்படி ஒரு நிபந்தனை 1917இல் அந்தக் கருப்பர்களின் கையில் இல்லை. தெருவில் கிடந்தது, எடுத்தோம் என்று சொல்ல முடிந்தது.

ஆலிவரின் 1923 பதிவுகள் அமெரிக்கச் சட்டப்படி 2024 ஜனவரி 1இல் பொதுச்சொத்தாயின. நூறு வருசம் கழித்துப் பூட்டுத் திறந்தபோது, வாசித்தவர்களில் ஒருத்தர்கூட உயிரோடு இல்லை.

போன தை மாதம் அதே லேப்டாப்பில் அப்பாவின் அடிகளைப் பதிவு செய்தோம். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த மனுசர், பன்னிரண்டு வகை அடியை ஒரே மூச்சில் அடித்தார். சாவு அடியைக் கேட்டபோது, "அது வேணாம், அத ஊருக்கு அடிச்சது போதும்" என்றார். கொஞ்ச நாளில் நகரத்திலிருந்து ஒருவர் வந்தார். இசைத்தொகுப்பில் சேர்க்க வேண்டும், 'பாரம்பரியம்' என்று போட்டுக்கொள்கிறோம் என்றார். பாரம்பரியம் என்றால் ஆள் இல்லை என்று பொருள். ஆள் இல்லையென்றால் கூலி இல்லை.

நாங்கள் ஒரு தாள் எழுதினோம். யாரும் கேட்கலாம், கற்கலாம், இதன்மேல் கட்டலாம். அடித்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். கட்டியதையும் இதே மாதிரி எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும். வந்தவர் படித்துப் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று போனார். இன்னும் வரவில்லை.

தாளை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். உரிமம், நிபந்தனை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"எம்பேரு எங்க இருக்குது, காட்டு" என்றார்.

காட்டினேன். விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார்.