கடிகாரக் கலைஞரும் தவளைத் தூண்டிலும்

குறுந்தொகையின் 54ஆம் பாடலைப் பாடிய புலவரின் இயற்பெயரை இன்று எவரும் அறியார். யானை வளைத்துப் பிடித்துப் பின்னர்க் கைவிட்ட பசுமூங்கில், மீன் பிடிப்போன் வெடுக்கென மேலே தூக்கிய தூண்டில் கோலைப் போல விண்ணோக்கி நிமிர்ந்தது என அவர் அமைத்த உவமையே அவருக்குப் பெயராகி நிலைத்தது. மீனெறி தூண்டிலார் என்றே தமிழுலகம் அவரை அறியும். வளைந்து நிமிர்வதே கோலின் உயிர் என்பதைக் கண்டவர் அவர். கோல், நூல், முள், தக்கை ஆகிய நான்கும் அமைந்தால் அக்காலத் தூண்டில் முழுமை பெற்றுவிடும். மலாயாவின் ஈயக்குட்டைக் கரைகளில் தோட்டத்துச் சிறுவர்கள் ஏந்தி நின்ற மூங்கில் தூண்டிலும் அதே வகையினதே.

அந்நான்கோடு ஐந்தாவதாக வந்து சேர்ந்தது ரீல் எனப்படும் நூல் சுற்றும் உருளை. சீன ஓவியர் மா யுவான் 1195ஆம் ஆண்டளவில் வரைந்த ஓவியம் ஒன்றில், குளிர்கால ஏரியில் தனிப்படகில் அமர்ந்துள்ள ஒருவன் கையிலுள்ள கோலில் சிறு உருளை ஒன்று காணப்படுகிறது. ரீலைக் காட்டும் மிகப் பழைய ஓவியங்களுள் ஒன்றாக ஆய்வாளர் இதனைக் கருதுவர். ஐரோப்பியர் அதனை அறியப் பல நூற்றாண்டுகள் ஆயின. இங்கிலாந்தில் 1651ஆம் ஆண்டில் தாமஸ் பார்க்கர் எழுதிய நூலில்தான் அதைப் பற்றிய குறிப்பு முதன்முதலாகத் தோன்றுகிறது. ஆயினும் அக்கால ரீல், நூலைச் சேமித்து வைக்கும் கலமாக மட்டுமே பயன்பட்டது. இரையைத் தொலைவில் எறியும் கருவியாக அது மாறிய வரலாறு அமெரிக்காவில் நிகழ்ந்தது. அம்மாற்றத்துக்குக் காரணமாக இருந்தவை இரண்டு. ஒன்று பாஸ் என்னும் மீன். மற்றொன்று கடிகாரம் செய்வோரின் கைத்திறன்.

இங்குக் கூறப்படும் பாஸ், நம் நாட்டில் சியாக்காப் என வழங்கும் கொடுவாய் மீன் அன்று. சந்தைப் பலகைகளில் கொடுவாயையும் பாஸ் என எழுதும் வழக்கம் உண்டாதலால் இதனைச் சொல்ல வேண்டியுள்ளது. அமெரிக்க நன்னீர் நிலைகளில் வாழும் பெருவாய்ப் பாஸ், களைகளுக்கிடையே அசையாது பதுங்கிக் கிடந்து, அருகில் வரும் மீன், தவளை, எலி முதலியவற்றைப் பாய்ந்து விழுங்கும் இயல்பினது. இவ்வகையில் நம் விராலோடு அதனை ஒப்பிடுவது பொருந்தும். கரையோரம் நின்று தக்கை மிதக்கவிடுவோனுக்கு அது எளிதில் அகப்படாது. பதுங்குமிடத்தைத் தேடி இரையை எறிய வேண்டும். எறிந்த இரையை விரைந்து இழுக்கவும் வேண்டும்.

கென்டக்கி மாநிலத்துப் பாரிஸ் என்னும் சிற்றூரில் வாழ்ந்த ஜார்ஜ் ஸ்னைடர் கடிகாரமும் வெள்ளிப் பொருள்களும் செய்பவர். 1810க்கும் 1820க்கும் இடைப்பட்ட காலத்தில் அவர் பற்சக்கரங்கள் கொண்ட ரீல் ஒன்றைத் தம் பட்டறையில் உருவாக்கினார். கைப்பிடியை ஒரு முறை சுற்றினால் உருளை பல முறை சுழலும்; கென்டக்கி ரீல்களில் நாளடைவில் ஒன்றுக்கு நான்கு என்ற அளவு நிலைபெற்றது. இங்கிலாந்தில் இத்தகைய பெருக்குச் சக்கர ரீல்கள் 1770ஆம் ஆண்டளவிலேயே விற்பனைக்கு வந்துவிட்டன. ஆயின் எறியும் வேகத்தைத் தாங்கித் தடையின்றிச் சுழலும் நுண்மை, கடிகாரக் கலைஞரின் அரத்தாலும் கடைசலாலுமே கைகூடிற்று. 1830களில் பிராங்க்பர்ட் நகரத்து மீக் உடன்பிறப்புகள் இத்தொழிலைத் தொடர்ந்தனர். அவர்களும் கடிகாரம் செய்வோரே. அவர்களிடம் முதலில் ரீல் கேட்டு வந்தவர் மேசன் பிரவுன் என்னும் நீதிபதி என்பர். ஒவ்வொரு பல்லும் கையால் அறுத்து அராவப்பெற்ற அக்கருவி நீதிபதிகளுக்கும் நிலக்கிழார்களுக்கும் உரியதாக இருந்ததில் வியப்பில்லை. உழைப்போன் கையில் வெறுங்கோலே இருந்தது.

இந்த வேறுபாடு எவ்வாறு குறைந்தது என்பதே ரீலின் பிற்கால வரலாறு.

1897ஆம் ஆண்டில் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் வில்லியம் ஷேக்ஸ்பியர் என்பார் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். (நாடகப் புலவர்க்கும் இவர்க்கும் பெயரொற்றுமை தவிர வேறு தொடர்பில்லை, தூண்டில் உலகில் இவர் பெயரே பெரிது.) நூல் ஓரிடத்தில் குவியாது உருளை முழுதும் ஒரே சீராகப் படியுமாறு இருபுறமும் ஓடித் திரும்பும் வழிகாட்டியை அவர் ரீலில் பொருத்தினார். அதற்குமுன் அவ்வேலையை மீன்பிடிப்போன் தன் விரலாலேயே செய்துவந்தான். ஆலைத் தொழிலும் பெருகவே, பற்சக்கர ரீல் செல்வர்க்கே உரியதென்னும் நிலை மாறத் தொடங்கியது. ஆயினும் எறியும்போது இரையின் வேகம் குறைந்த பின்னரும் உருளை சுழன்றுகொண்டே இருந்தால் நூல் பறவைக் கூடு போலச் சிக்கிக்கொள்ளும். கட்டைவிரலால் தக்க நொடியில் அழுத்தி நிறுத்தும் பழக்கம் கைவரும் வரை, விலை மலிந்த ரீலும் மிகுந்த விலையுள்ள ரீலும் அந்தத் தொல்லையை ஒன்றுபோலவே தந்தன.

இச்சிக்கலுக்குத் தீர்வு நெசவாலையிலிருந்து வந்தது. யார்க்ஷயர் பகுதியில் கம்பளி ஆலை நடத்திய ஆல்பிரட் இல்லிங்வொர்த், நூற்பு எந்திரத்தில் அசையாத கண்டிலிருந்து நூல் அதன் முனை வழியே உருவப்படுவதைக் கண்டு, அவ்வாறே நூலை வெளிவிடும் ரீலுக்கு 1905ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். உருளை சுழலாதபோது சிக்கலுக்கு இடமேது? இன்று ஸ்பின்னிங் ரீல் என உலகெங்கும் வழங்குவது அதன் வழிவந்ததே. ஏறத்தாழ நாற்பதாண்டுகளுக்குப் பின் டெக்சாஸ் மாநிலத்து ஹல் என்னும் கடிகாரத் தொழிலாளி, கடைக்காரர் ஒருவர் பொட்டலம் கட்ட அசையாத நூற்கண்டிலிருந்து நூலை உருவுவதைக் கண்டு அதே கருத்துக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தார் என்பர். அவர் தம் மாதிரிக் கருவியை எடுத்துக்கொண்டு சென்ற இடம், எண்ணெய்க் கிணறுகளுக்கு நேரக்குண்டு செய்துவந்த ஒரு தொழிற்சாலை! குண்டுக்கான காப்புரிமைக் காலம் முடியவிருந்ததால் மாற்றுத் தொழில் தேடிக்கொண்டிருந்த அந்நிறுவனம், 1949ஆம் ஆண்டில் பொத்தானை அழுத்தினால் நூல் விடும் மூடிய ரீலை வெளியிட்டது. செப்கோ என்னும் பெயர் அந்தப் பழைய குண்டுத் தொழிற்சாலையின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் ஆயதே. அமெரிக்கச் சிறுவர் எண்ணற்றோர்க்கு அதுவே முதல் ரீலாயிற்று.

கோலின் வரலாறும் இதனோடு சேர்ந்தே நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மூங்கிலைப் பிளந்து, முக்கோண வடிவில் சீவி, ஒட்டிச் செய்யும் முறை அமெரிக்காவில் வளர்ந்தது. தொடக்கத்தில் அதற்குப் பயன்பட்டது இந்தியாவிலிருந்து கப்பலேறிக் கல்கத்தா மூங்கில் எனப் பெயர் பெற்ற மூங்கில். பின்னர்த் தென்சீனத்து டோங்கின் மூங்கில் அதன் இடத்தைப் பெற்றது. 1881ஆம் ஆண்டில் பாஸ் மீனைப் பற்றிப் பெருநூல் எழுதிய ஹென்ஷல் என்னும் மருத்துவர், பாஸ் பிடிக்க எட்டடி அளவிலான கோலே போதும் என்று வாதிட்டுப் பழைய நெடுங்கோல்களை ஒதுக்கச் செய்தார். கொரியப் போரையொட்டி 1950ஆம் ஆண்டில் அமெரிக்கா சீனப் பொருள்களுக்குத் தடை விதித்தபோது டோங்கின் மூங்கில் வருவது நின்றது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1947ஆம் ஆண்டளவில், ஹோவால்ட் என்னும் அறிவியலாளரின் முறைப்படி கண்ணாடி இழையால் ஆன கோலை ஷேக்ஸ்பியர் நிறுவனம் கொண்டுவந்திருந்தது. மழையில் ஊறாது, எளிதில் முறியாது, விலையும் குறைவு. தடை அதற்குச் சந்தையைத் திறந்துவிட்டது எனலாம்.

இனித் தவளைக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாஸ் பிடிப்போர் உயிருள்ள தவளையை முள்ளில் கோத்து எறிவது பெருவழக்கு. தமிழ்நாட்டில் விராலுக்குத் தவளை கோப்பது போன்றதே இது. மிச்சிகன் மாநிலத்தில் தேனீ வளர்த்துவந்த ஜேம்ஸ் ஹெடன் என்பார், 1890களில் மரத்தைச் செதுக்கித் தவளை வடிவில் பொய்யிரை செய்தார். பொழுதுபோக்காகச் சீவிய மரத்துண்டை நீரில் எறிந்தபோது பாஸ் ஒன்று அதனைப் பாய்ந்து தாக்கியதே அதற்குத் தூண்டுகோல் என்று ஒரு கதை வழங்குகிறது. 1920களில் விஸ்கான்சினில் பன்றிக் கொழுப்பை வெட்டித் தவளையாக்கி விற்றனர்.

இவையெல்லாம் திறந்த நீரில் பயன்பட்டன. அடர்ந்த களைக்குள் எறிந்தால் முள் சிக்கிக்கொண்டது. அச்சிக்கலைத் தீர்ப்பதை இன்றியமையாததாக்கியதில் நம் பக்கத்து நாடொன்றின் செடிக்கும் பங்குண்டு. ஹைட்ரில்லா என்னும் நீர்ப்பாசி, மீன்தொட்டி அழகுக்காக 1950களின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டதெனத் தாவரவியலார் எழுதுவர். புளோரிடாவில் கால்வாயில் இடப்பட்ட அது, தென் மாநிலங்களின் ஏரிகளிலும் அணைகளிலும் பாய்விரித்தாற்போலப் பரவியது. அப்பாயின் நிழலில் பாஸ் மீன்கள் தங்கின. பழைய இரைகளால் அங்கு நுழைய முடியவில்லை. இந்நிலைக்குப் பொருந்தியது, ஒகையோவில் 1950களின் இறுதியில் செய்யப்பட்ட உள்ளீடற்ற மென்தவளை. அதன் இரட்டை முள், முதுகோடு ஒட்டி மேல்நோக்கிப் படிந்திருக்கும். ஆதலால் களைமீது தடையின்றித் தாவிவரும். மீன் கவ்வியதும் மெல்லிய உடல் அமுங்கி முட்கள் வெளிப்படும்.

இந்த அமைப்பு எளிது. ஆயின் இது கேட்கும் வலிமை பெரிது. நீர் வெடித்தாற்போல மீன் பாய்ந்ததும் உடனே இழுத்தால் தவளை மட்டுமே திரும்பி வரும். மீன் அதனை வாய்க்குள் வாங்கி அமிழும் வரை ஓரிரு நொடி பொறுத்து, பின் முழு வலிவுடன் கோலை வெட்டித் தூக்க வேண்டும். அடுத்த நொடியே மீன் பாசிக்குள் தலையைச் செருகும். வலுவற்ற கோல் வளைந்து நின்றுவிட்டாலோ நூல் அறுந்தாலோ இழப்பு மனிதனுக்கு மட்டுமன்று; வாயில் இரட்டை முள்ளோடு போகும் மீனின் கதி என்ன? இதனாலேயே தவளைத் தூண்டிலுக்கு ஏழடி நீளமும் மிகுந்த விறைப்பும் உள்ள கோலை வேண்டுவர். நைலான் நரம்பு 1930களின் இறுதியில் தோன்றிப் பட்டு நூலை ஒழித்தது; ஆனால் அது இழுபட்டு நீளும் தன்மையது. 1990களின் தொடக்கத்தில் வந்த பாலிஎத்திலீன் பின்னல் நூலோ சற்றும் நீளாது, நீரில் மிதக்கும், பாசியை அறுத்துக்கொண்டும் வரும். 50 முதல் 65 ராத்தல் வரை தாங்கும் பின்னல் நூலே தவளைக்கு இன்று வழக்கம்.

1973ஆம் ஆண்டில் பென்விக் நிறுவனம் கரி இழைக் கோலை வெளியிட்டபின், எடை குறைவும் நுண்ணுணர்வும் விலையாயின. நீரடியில் மீன் இரையை முகர்ந்தால்கூடக் கைக்குத் தெரிவிக்கும் கோலுக்கு நூற்றுக்கணக்கான வெள்ளி கேட்டனர். இங்குத்தான் குறைந்த ஊதியம் பெறுவோன் ஏமாறுகிறான். தவளை நீர்மேல் செல்வது. மீன் பாய்வதைக் கண்ணே காண்கிறது, காதே கேட்கிறது. காணக்கூடியதை உணர்த்துவதற்கு உயர்விலை தருவானேன்? கண்ணாடி இழை கலந்த, சற்றுக் கனமான, ஒரே துண்டாலான மலிவுக் கோல் இவ்வேலைக்குப் பெரும்பாலும் போதும். ரீலிலும் அவ்வாறே. பெட்டியின்மீது அச்சிட்ட பேரிங்குகளின் எண்ணிக்கை மிக இலேசான இரையை எறிவோனுக்கு உதவலாம். அரை அவுன்சுத் தவளை தன் எடையாலேயே பறக்கும். பணத்தைச் செலவிட வேண்டிய இடங்கள் வேறு: இழுக்கும்போது நெளியாத உலோகச் சட்டம், வழுக்காத இழுவைத் தடை, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஏழு சுற்று என விரைந்து நூலை வாரும் பற்சக்கரம். கோலின் வளையங்களுக்குள் சிறிது பஞ்சை ஓட்டிப் பார்ப்பது பழக்கமுடையோர் வழக்கம். பஞ்சு இழை பிடித்துக்கொண்டால் அவ்வளையம் நூலை அரிக்கும், அக்கோலை வாங்கலாகாது.

இத்தகைய ரீல் எளியவர் கைக்கு எட்டியதற்குக் காரணமான இரு நிறுவனங்கள் 1921ஆம் ஆண்டிலேயே தோன்றியவை. ஒன்று சுவீடனில் கடிகாரத் தொழிற்சாலையாகத் தொடங்கி, வாடகைக் கார்களுக்குக் கட்டணமானி செய்து, போர்க்காலத்தில் அத்தொழில் நலியவே ரீல் பக்கம் திரும்பிய ஆபு. 1950களில் அதன் அம்பாசடர் ரீல் பாஸ் பிடிப்போரிடையே பெரும்புகழ் பெற்றது. மற்றொன்று ஜப்பானின் சாக்காய் நகரில் மிதிவண்டிச் சக்கரப் பற்கள் செய்த ஷிமானோ. 1970ஆம் ஆண்டில் தூண்டில் துறையில் இறங்கிய ஷிமானோ, தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை 1973ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் நிறுவியது. பின்னர் ஜொகூர் மாநிலத்துப் பொந்தியான் வட்டாரத்திலும் ஆலை அமைத்தது. கென்டக்கியின் ஏரிக்கரையில் இன்று ஒருவன் நடுத்தர விலையில் வாங்கும் ரீலின் அடியில் மலேசியாவில் செய்யப்பட்டது என்னும் எழுத்து பொறிக்கப்பட்டிருப்பதுண்டு. ஸ்னைடர் தம் பட்டறையில் கையால் அராவிய பற்களின் பேரப்பிள்ளைகள் இங்கு எந்திரத்தில் வார்க்கப்படுகின்றன; அதே ரீலில் பின்னல் நூல் சுற்றி, அதே இரப்பர்த் தவளையைக் கட்டி, நம் குட்டைகளில் விராலும் தோமானும் பிடிக்கின்றனர்.